யுவராணி மிஸ் பெயரில் திறந்தே இருக்கும் என் போன்

பெயர்: சேதுலட்சுமி. வயது: 17. தந்தை பெயர்: ராக்கப்பன். படிப்பு: பன்னிரண்டாம் வகுப்பு, கணினி அறிவியல் பிரிவு. முகவரி: தங்கச்சிமடம், இராமேஸ்வரம் வட்டம், இராமநாதபுரம் மாவட்டம். நாள்: 04.02.2026, புதன்கிழமை.

நான் மேற்கண்ட முகவரியில் என் தாய் தந்தையருடன் குடியிருந்து வருகிறேன். எங்களுக்குச் சொந்த ஊர் இதே மாவட்டத்தில் சிக்கல் என்ற ஊர்ப் பக்கம். என் தந்தை தனுஷ்கோடியில் தள்ளுவண்டியில் மாங்காய், அன்னாசித் துண்டு விற்கிறார். சனி, ஞாயிறுகளில் நான் அவருக்கு உதவியாக இருப்பேன். மற்ற நாட்களில் மண்டபத்தில் உள்ள தனியார் மேல்நிலைப் பள்ளிக்குப் பேருந்தில் சென்று படித்து வருகிறேன்.

30.01.2026 அன்று எங்கள் பள்ளி நூலகத்தில் வைத்து என்னிடம் ஒரு வாக்குமூலம் பெறப்பட்டது. அதில், வருகைப் பதிவு திருத்தப்பட்டது பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது என்றும், ஆசிரியரின் கணக்கை நான் ஒருபோதும் பயன்படுத்தியதில்லை என்றும் உள்ளது. இரண்டும் பொய். அன்று எஸ்.ஐ. அம்மா எந்த முறையில் எழுதிக்கொண்டாரோ அதே முறையில் இதை எழுதுகிறேன். வீட்டில் எல்லோரும் உறங்கிய பிறகு சமையலறையில் உட்கார்ந்து எழுதுவதால் எழுத்து சரியாக இல்லாவிட்டால் மன்னிக்கவும்.

எங்கள் பள்ளியில் வருகைப் பதிவு, மதிப்பெண் எல்லாம் இணையதளத்தில்தான் ஏற்றப்படுகின்றன. அதை ஒரு கம்பெனி செய்து கொடுத்திருக்கிறது. ஆசிரியர் தன் பெயரையும் பாஸ்வேர்டையும் அடித்தால் அவருடைய செல்லுக்கு ஓடிபி வரும், அதையும் அடித்தால் உள்ளே போகலாம். எங்கள் பள்ளிக் கட்டடத்தில் கீழ்த்தளத்தில் சிக்னல் கிடையாது. ஓடிபி வர வேண்டுமானால் மொட்டை மாடிக்குப் போய் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். அங்கிருந்து இறங்கி வருவதற்குள் ஓடிபி காலாவதியாகிவிடும். அதனால் எங்கள் வகுப்பாசிரியர் யுவராணி மிஸ் மாடியிலிருந்து எண்ணைச் சத்தமாகச் சொல்லுவார், படிக்கட்டில் நிற்கும் மாணவி அதைக் கீழே சொல்லுவாள், கணினி முன்னால் இருப்பவள் அடிப்பாள். இது எல்லா வகுப்பிலும் நடப்பதுதான். யாரும் இதைத் தவறாக நினைத்ததில்லை.

06.01.2026 செவ்வாய்க்கிழமை காலை ஆய்வகத்தில் மின்சாரம் இல்லாததால் யுவராணி மிஸ் என்னுடைய போனை வாங்கி, இன்வெர்ட்டரில் ஓடும் அலுவலக வைஃபையில் இணைத்து, பிரவுசரில் அவருடைய கணக்கைத் திறந்து, அரையாண்டு மதிப்பெண்களை ஏற்றும்படி என்னிடமும் டிலக்ஷனாவிடமும் கொடுத்தார். டிலக்ஷனா என் வகுப்புத் தோழி, மண்டபம் இலங்கை அகதிகள் முகாமைச் சேர்ந்தவள். அவள் படிக்கட்டில் நின்றாள், நான் அடித்தேன். மிஸ் இறங்கி வந்து வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "ஏத்தி முடிச்சாலும் லாக்அவுட் மட்டும் பண்ணிராதீங்கப்பா. வெளிய வந்தீங்கன்னா அடுத்த தடவ நீங்கதான் மாடியேறணும்" என்றார். நாங்கள் வெளியே வரவில்லை. ஓடிபி அடித்து உள்ளே போனபோது போனில் மணி 10.10. அந்த நேரம் முக்கியம் என்பது பின்னால்தான் எனக்குத் தெரிந்தது.

அதன் பிறகு பொங்கல் விடுமுறை முடிந்து 19.01.2026 அன்று, எல்லா ஆசிரியர்களும் பாஸ்வேர்டை மாற்ற வேண்டும் என்று கம்பெனியிலிருந்து செய்தி வந்தது. யுவராணி மிஸ் ஆய்வகக் கணினியில் மாற்றினார். அந்தக் கணினியின் தட்டச்சுப் பலகையில் இரண்டு எழுத்துகள் வேலை செய்யாது, அவற்றை எப்படி வரவைப்பது என்று டிலக்ஷனாவுக்குத் தெரியும் என்பதால் அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். நான் அப்போது அங்கே இல்லை. புதிய பாஸ்வேர்டு என்ன என்று இன்று வரை எனக்குத் தெரியாது.

அதன் பிறகு 23.01.2026 வெள்ளிக்கிழமை, வருகை குறைந்தவர்களின் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். நூற்றுக்கு எழுபத்தைந்துக்குக் கீழே இருப்பவர்களைச் செய்முறைத் தேர்வுக்கு அனுமதிக்க முடியாது என்று தாளாளர் கையெழுத்திட்டிருந்தார். டிலக்ஷனாவின் பெயர் மூன்றாவதாக இருந்தது. நூற்றைம்பது வேலை நாட்களில் அவள் வந்தது நூற்று ஒன்பது. ஆகஸ்டில் அவளுக்கு மஞ்சள் காமாலை வந்து நீண்ட நாள் படுத்திருந்தாள். அது போக ஐந்து நாட்கள், முகாமில் ஆள் சரிபார்க்கும் நாட்கள். அந்த நாளில் குடும்பத்தில் எல்லோரும் நேரில் இருந்தாக வேண்டும். ஐந்து நாளுக்கும் அவள் கடிதம் கொண்டுவந்து கொடுத்தாள். மிஸ் கடிதங்களை வாங்கி மேசை இழுப்பறைக்குள் வைத்துக்கொண்டு, "நான் என்னடி பண்ண? இதுல வந்தா, வரல, ரெண்டு கட்டந்தான் இருக்கு. ஏன் வரலன்னு எழுத எடமே இல்ல" என்றார். மிஸ் சொன்னது உண்மை. நானும் பார்த்திருக்கிறேன். அந்தப் பக்கத்தில் இரண்டு கட்டம்தான் உண்டு.

டிலக்ஷனா அன்று அழவில்லை. பேருந்து நிறுத்தத்தில், "பன்னெண்டு வருசம் படிச்சு, அஞ்சு நாள் நான் மண்டபத்துலதான் இருக்கேன்னு காட்டப்போனதுல போச்சு" என்று சொல்லிவிட்டு, வேறு பேச்சுக்குப் போய்விட்டாள்.

25.01.2026 ஞாயிற்றுக்கிழமை நான் தந்தையுடன் தனுஷ்கோடியில் இருந்தேன். மாலை நான்கு மணிக்கு மேல் காற்று அதிகமாகி மணல் அடித்ததால் கூட்டம் கலைந்துவிட்டது. என் தந்தை தண்ணீர் எடுக்கப் போயிருந்தார். நான் வண்டியின் மறைவில் உட்கார்ந்து போனை எடுத்து, பள்ளியின் பக்கத்தைத் திறந்தேன். மிஸ் பாஸ்வேர்டை மாற்றிவிட்டதால் அது திறக்காது என்றுதான் நினைத்தேன். திறந்தது. மேலே "வணக்கம், யுவராணி" என்று இருந்தது. யாரும் எதுவும் கேட்கவில்லை. நான் டிலக்ஷனாவின் பெயரைத் தொட்டு, அந்த ஐந்து நாட்களையும் 'வரவில்லை' என்பதிலிருந்து 'வந்தார்' என்று மாற்றினேன். நூற்று ஒன்பது நூற்றுப் பதினான்கு ஆனது. வேறு எதையும் தொடவில்லை. என் மதிப்பெண்ணையும் தொடவில்லை. செய்யும்படி டிலக்ஷனா என்னிடம் கேட்கவில்லை, செய்த பிறகும் நான் அவளிடம் சொல்லவில்லை. பட்டியலில் பெயர் இல்லாததைப் பார்த்து அவளே மகிழ்ந்துகொள்ளட்டும் என்று நினைத்தேன். அன்று இரவு நன்றாகச் சாப்பிட்டேன் என்பதையும் எழுத வேண்டும்.

இந்த இடத்தில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தனுஷ்கோடியில் சிக்னல் ஒரு நிமிடம் நம்முடையதாக இருக்கும், அடுத்த நிமிடம் இலங்கைக் கோபுரத்தைப் பிடித்துக்கொள்ளும். பிடித்தால் போனில் கடிகாரத்துக்குக் கீழே 'கொழும்பு' என்று வந்துவிடும். திரும்ப நம்முடைய சிக்னலுக்கு வந்த பிறகும் சில சமயம் அந்தப் பெயர் மாறாமல் கிடக்கும். இரண்டு நாட்டுக்கும் மணி ஒன்றுதான் என்பதால் யாரும் கவனிப்பதில்லை. டிலக்ஷனா மட்டும் ஒருமுறை கவனித்தாள். ஒரு திங்கட்கிழமை என் போனை வாங்கிப் பார்த்துவிட்டு, "சேது, உன் போன் வாராவாரம் கொழும்புக்குப் போய்ட்டு வருது. என்னைய சிலோன்காரின்னு சொல்றாங்க, நான் ஒரு தடவகூடப் பார்த்ததில்ல. போய்ட்டு வரும்போது எனக்கு ஏதாச்சும் வாங்கிட்டு வரச் சொல்லு" என்று சொல்லிச் சிரித்தாள். அவள் பிறந்ததும் வளர்ந்ததும் இந்த மாவட்டத்தில்தான்.

அதன் பிறகு 27.01.2026 அன்று புதிய பட்டியலை அச்செடுத்த எழுத்தர், ஒரு பெயர் குறைவதைக் கண்டு தாளாளரிடம் சொல்ல, தாளாளர் கம்பெனிக்குப் பேச, 29.01.2026 அன்று வேல்ராஜ் என்ற பொறியாளர் மதுரையிலிருந்து வந்தார். வேல்ராஜ் சார் பதிவுகளைப் பார்த்து, ஞாயிறு மாலை 4.22 மணிக்கு யுவராணி மிஸ் கணக்கிலிருந்து திருத்தம் நடந்திருக்கிறது என்றும், திருத்திய போனில் இருந்த ஊர் கொழும்பு என்றும் சொன்னார். நானும் டிலக்ஷனாவும், மிஸ்ஸுக்குப் பதிவேற்ற உதவும் இன்னும் நான்கு பேரும் ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தோம். பாஸ்வேர்டு மாற்றிய பிறகு நடந்திருப்பதால், புதிய பாஸ்வேர்டு தெரிந்தவர்தான் செய்திருக்க வேண்டும் என்றும் சொன்னார். மாற்றும்போது பக்கத்தில் யார் இருந்தது என்று தாளாளர் கேட்டார். மிஸ் தரையைப் பார்த்துக்கொண்டு டிலக்ஷனா பெயரைச் சொன்னார். "பெறகென்ன, கம்ப்யூட்டரே சொல்லிருச்சே கொழும்புன்னு" என்றார் தாளாளர். அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

அப்போது டிலக்ஷனா என்னை ஒரு முறை திரும்பிப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது. பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.  நான் ஜன்னலை விட்டு நகர்ந்து படிக்கட்டுப் பக்கம் போனேன்.

அதன் பிறகு வேல்ராஜ் சார் சாப்பிடப் போகும்போது நான் படிக்கட்டில் அவரை நிறுத்தி, பாடத்தில் சந்தேகம் கேட்பது போல, பாஸ்வேர்டை மாற்றினால் ஏற்கெனவே திறந்திருக்கும் போன்கள் தானாக வெளியே வந்துவிடுமா என்று கேட்டேன்.  அவர் விளக்கினார். பாஸ்வேர்டும் ஓடிபியும் முதல் தடவை வாசலில் கேட்பது மட்டும்தான். சரியாகச் சொன்னால் சர்வர் ஒரு டோக்கனைத் தரும். நீளமான ஒரு வரி, அதில் யார், எந்த நேரத்தில் கொடுத்தது, எப்போது முடியும் என்பதெல்லாம் இருக்கும், கீழே சர்வரின் முத்திரை இருக்கும். பிரவுசர் அதை உள்ளே வைத்துக்கொண்டு ஒவ்வொரு தடவையும் அதைத்தான் காட்டும். முத்திரை சரியாக இருந்தால் சர்வர் விட்டுவிடும். யாருக்கெல்லாம் கொடுத்தோம் என்று சர்வர் கணக்கு வைத்துக்கொள்வதில்லை. பாஸ்வேர்டு மாறினாலும் கொடுத்த டோக்கன் செல்லும். முப்பது நாள் ஆயுள்.

அப்படியானால் செய்தவருக்குப் புதிய பாஸ்வேர்டு தெரிந்திருக்க வேண்டியதில்லையே என்று கேட்டேன். அவர் குரலைத் தாழ்த்தி, "தெரிய வேண்டியதில்லதான். மாத்துனதும் பழசெல்லாம் செல்லாமப் போற மாதிரி நாங்க பண்ணிருக்கணும், பண்ணல. அத இப்ப சொன்னா எந்தலதான் உருளும். நீ பரீட்சைக்குப் படிம்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் யாரையும் மிரட்டவில்லை. நல்லவராகத்தான் தெரிந்தார்.

அன்று பள்ளி விடும் நேரத்தில் யுவராணி மிஸ் என்னைக் கழிவறைப் பக்கம் தனியே கூப்பிட்டு, "ஒம்போன்ல என் லாகின்ன போட்டத மட்டும் சொல்லிராதத்தா. பிள்ளைக கையில கணக்கக் குடுத்தேன்னு தெரிஞ்சா அன்னைக்கே அனுப்பிருவாக. எனக்கும் ரெண்டு பிள்ளைக இருக்கு" என்றார். நான் செய்தேன் என்று மிஸ்ஸுக்குத் தெரியாது என்றுதான் நினைக்கிறேன். தெரிந்துகொள்ள அவர் கேட்கவும் இல்லை. நான் சரி என்றேன். அப்போது எனக்கு நிம்மதியாக இருந்தது. மிஸ்ஸுக்காகத்தான் வாயை மூடிக்கொள்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள முடிந்தது.

மறுநாள் 30.01.2026 அன்று தாளாளர் கொடுத்த புகாரின் பேரில் எஸ்.ஐ. கலைச்செல்வி அம்மா வந்து எங்கள் ஆறு பேரிடமும் தனித்தனியே வாக்குமூலம் பெற்றார். என்னிடம் நான்கு கேள்விகள் கேட்டார். ஊர் எது, தகப்பனார் என்ன செய்கிறார், டிலக்ஷனா வீட்டுக்கு வெளிநாட்டிலிருந்து போன் வருவது தெரியுமா, வருகைப் பதிவு பற்றி ஏதாவது தெரியுமா. சிக்கல் என்று சொன்னதும் எங்கள் ஆள்களைத் தனக்குத் தெரியும் என்று சொல்லி, குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். போனைக் காட்டு என்று கேட்கவே இல்லை. ஐந்து நிமிடத்தில் முடிந்தது. படித்துப் பார்த்தேன் சரி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சாட்சியாகத் தாளாளர் கையெழுத்திட்டார். டிலக்ஷனா உள்ளே போனதும் கதவைச் சாத்தினார்கள். ஒன்றரை மணி நேரம் ஆனது. "கொழும்புல இருந்து யாருடி ஒனக்கு அட்டெண்டன்ஸ் போட்டுத் தாராக" என்று கேட்பது மட்டும் வெளியே கேட்டது. வரும்போது அவளிடம் போன் இல்லை. வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

என் போனை யாரும் கேட்காததற்கும் அவள் போனை வாங்கியதற்கும் காரணம் முகவரி என்ற ஒரு வரிதான். நான் கணினி அறிவியல் படிப்பவள் என்பதால் அதை எழுதிவைக்கிறேன்.

அதன் பிறகு 31.01.2026, 02.02.2026, 03.02.2026 ஆகிய மூன்று நாட்களும் அவளையும் அவள் தந்தை ஞானசேகரத்தையும் காவல் நிலையத்துக்கு வரச் சொன்னார்கள். அவர் பெயின்ட் வேலை செய்பவர். மூன்று நாளும் வேலையை விட்டுவிட்டு, தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு வந்து, மாலை வரை வெளியே வேப்பமரத்தடியில் நின்றிருக்கிறார். வகுப்பில் இப்போது அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. வருகைப் பதிவில் அவள் பெயர் வந்ததும், அவள் வராத நாளிலும், பின் பெஞ்சிலிருந்து ஒருவன் "கொழும்பு பிரசண்ட் மிஸ்" என்கிறான். மிஸ் அவனைக் கண்டிக்காமல் அடுத்த பெயருக்குப் போகிறார்.

நான் வீட்டில் மேலோட்டமாகச் சொல்லிப் பார்த்தேன். ஒரு பெண்ணை வீணாகப் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்றேன். என் தந்தை, "நமக்கெதுக்கு ஆத்தா அந்த வம்பு? நீ ஒண்ணும் பாக்கல, ஒனக்கு ஒண்ணும் தெரியாது. பரீட்சைய எழுதிட்டு வா" என்றார். அய்யா நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்.

நேற்று 03.02.2026 மாலை ஐந்து மணியளவில் நிலையத்துக்கு எதிரே உள்ள பேருந்து நிறுத்தத்தில் டிலக்ஷனாவையும் அவள் தந்தையையும் பார்த்தேன். நான் அவளிடம், எல்லாவற்றையும் நீயே சொல்லிவிடு, என் பெயரைச் சொல்லிவிடு என்றேன். அவள் வெளியில் எங்களைப் போலத்தான் பேசுவாள். நேற்று வீட்டில் பேசுகிற பேச்சில் சொன்னாள்.

"நான் சொன்னா, பழியை உன்ர தலையில போடுறன் எண்டுதான் எழுதுவினம். நீ சொன்னா மட்டும்தான் அது உண்மை. உனக்கு அது விளங்கேல்லையா?"

பிறகு, "ஏன்டி செய்தனி? நான் உன்னட்டக் கேட்டனானா?" என்றாள்.

அவள் தந்தை அவளைத் தடுத்து என்னிடம், "பிள்ளை, நீங்கள் பயப்பிடாதேங்கோ. உங்கட பேரை இவள் சொல்லமாட்டாள்" என்றார். பிறகு, வழக்கு என்று பதிந்துவிட்டால் இவளுக்குக் கல்லூரிக்கோ எதற்கோ எந்த அலுவலகத்திலும் கையெழுத்துப் போட மாட்டார்கள் என்றும், வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு வரச் சொல்லியிருப்பதாகவும், அன்று பதிந்துவிடுவார்கள் போலத் தெரிகிறது என்றும் சொன்னார். என்னிடம் அவர் எதையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் ஏதாவது பொய் சொல்லிவிட்டுப் பேருந்து ஏறியிருப்பேன்.

வியாழக்கிழமை என்பது நாளை. டோக்கன் கொடுக்கப்பட்டது ஜனவரி ஆறாம் தேதி காலை 10.10. முப்பது நாள் நாளை காலை 10.10க்கு முடிகிறது. அதற்குப் பிறகு இந்தப் போனில் பக்கத்தைத் திறந்தால் பாஸ்வேர்டு கேட்கும், உள்ளே இருக்கும் வரியும் அழிந்துவிடும். அப்போது நான் சொல்வதை நிரூபிக்க என்னிடம் எதுவும் இருக்காது. தோழியைக் காப்பாற்றப் பொய் சொல்கிறாள் என்பார்கள். பதினொரு மணிக்கு வழக்குப் பதிவார்கள்.

இதை எழுதத் தொடங்கும் முன் ஒரு தடவை திறந்து பார்த்தேன். "வணக்கம், யுவராணி" என்று வந்தது. வலப்பக்க மூலையில் சிவப்பாக 'வெளியேறு' என்ற பொத்தான் இருக்கிறது. அதைத் தொட்டால் இப்போதே எல்லாம் முடிந்துவிடும், நான் செய்தேன் என்பதற்கு ஒரு தடயமும் மிஞ்சாது, மிஸ்ஸின் வேலை போகாது, வேல்ராஜ் சார் தலை உருளாது, அய்யா சொன்னபடி நான் பரீட்சை எழுதலாம். விரலை அதன் மேல் கொண்டுபோனேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. எவ்வளவு நேரம் அப்படியே வைத்திருந்தேன் என்று சொல்லத் தெரியவில்லை. பிறகு போனைச் சார்ஜில் போட்டுவிட்டு எழுத உட்கார்ந்தேன்.

காலை முதல் பேருந்தில் நிலையத்துக்கு வருவேன். 10.10க்கு முன்பாக இந்தப் போனை வாங்கி, வேல்ராஜ் சாரை வரவழைத்தோ வேறு விவரம் தெரிந்தவரை வைத்தோ உள்ளே இருக்கும் டோக்கனை எடுத்துப் பார்க்கக் கேட்டுக்கொள்கிறேன். கொடுத்த தேதி ஜனவரி ஆறு என்று அதிலேயே இருக்கும். புதிய பாஸ்வேர்டு தெரியாத ஒருத்தியால் உள்ளே போக முடியும் என்பதை அது காட்டும். பக்கத்தைத் திறப்பவர்கள் அந்தச் சிவப்புப் பொத்தானைத் தொட்டுவிட வேண்டாம்.

டிலக்ஷனா அந்த ஐந்து நாளும் பள்ளிக்கு வரவில்லை என்பது உண்மை. நான் வந்ததாகப் போட்டது பொய்தான். கடிதங்கள் ஐந்தும் யுவராணி மிஸ் மேசையின் இடது இழுப்பறையில், சாக்பீஸ் டப்பாவுக்கு அடியில் உள்ளன.

மேலே உள்ளவை நான் செய்ததும், என் காதால் கேட்டதும், கண்ணால் கண்டதும் மட்டுமே. இதை எழுதும்படி யாரும் சொல்லவில்லை. பலர் எழுத வேண்டாம் என்று சொன்னார்கள். பயந்துகொண்டுதான் எழுதினேன், ஆனால் யாரும் பயமுறுத்தி எழுதவைக்கவில்லை. சாட்சிக் கையெழுத்துக்கு யாரும் இல்லை. சென்ற வெள்ளிக்கிழமை வாக்குமூலத்தில் இருப்பதும் என் கையெழுத்துத்தான், இதில் இருப்பதும் என் கையெழுத்துத்தான். இரண்டில் எது பொய் என்று சரிபார்க்க நாளை காலை 10.10 வரை நேரம் இருக்கிறது.

ஒப்பம்,
ரா. சேதுலட்சுமி